காருக்கு அடியில் போகும் முன் எதற்குக் காசு கொடுக்கலாம்? ஜாக் முதல் தீயணைப்பான் வரை ஒரு மதிப்பீடு

வீட்டு போர்ட்டிகோவிலேயே இன்ஜின் ஆயில் மாற்றுவது, கூலன்ட் மாற்றுவது, பெல்ட் போடுவது என்று இறங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஸ்பேனர் செட்டுக்கு யோசிக்காமல் காசு கொடுக்கிறார்கள். வண்டியைத் தாங்கிப் பிடிக்கிற சாமானுக்கு வரும்போது மட்டும் கை சுருங்கிவிடுகிறது. இருக்கிற பணத்தையும் தூக்குகிற ஜாக்கில் போட்டுவிட்டு, தாங்குகிற ஸ்டாண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். இந்த மதிப்பீடு முழுக்க அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வதுதான். கணக்குக்கு மாருதி ஸ்விஃப்ட் போன்ற முன்சக்கர இழுவைச் சின்னக் காரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய வண்டிக்கு எங்கே மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறோம்.

ட்ராலி ஜாக்

டிக்கியில் ஸ்டெப்னியோடு வருகிற கத்தரி ஜாக்கை முதலில் தள்ளி வைத்துவிடுங்கள். பஞ்சர் ஆன சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதற்கு மட்டுமே அது. ஒற்றைத் திருகாணி, சின்ன அடித்தட்டு, பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் சாய்ந்துவிடும். அதை ஏற்றி வைத்துக்கொண்டு உள்ளே தலையை விடுகிற வேலை எதையும் செய்யக் கூடாது.

பாட்டில் ஜாக் லாரிக்கும் பெரிய எஸ்யூவிக்கும் சரி. சின்னக் காருக்கு அதன் ஆரம்ப உயரமே அதிகம். பல மாடல்கள் ஸ்விஃப்ட்டின் அடியில் நுழையவே நுழையாது. தலைப்பகுதியும் ஒடுக்கம், வழுக்கும். ஆகவே நமக்கு நாலு சக்கரத்தில் உருளுகிற ட்ராலி ஜாக்தான்.

கடையில் இரண்டு ரகம் கிடைக்கும். பிளாஸ்டிக் பெட்டியில் வருகிற 2 டன் சின்ன ஜாக். அதைவிட நீளமும் எடையும் கூடிய 3 டன் ஜாக். எடை தாங்குவதைப் பொறுத்தவரை சின்னக் காருக்கு 2 டன் தாராளம். ஸ்விஃப்ட்டின் மொத்த எடை சுமார் 900 கிலோ, அதில் முன்பக்கம் வருவது அறுபது சதவீதம் அளவுக்கு. அப்படியும் 3 டன் ஜாக்கை வாங்கச் சொல்வது உயரத்துக்காக. சின்ன ஜாக்கின் உச்ச உயரம் பெரும்பாலும் 33, 34 செ.மீ.யோடு நின்றுவிடும். ஜாக் ஸ்டாண்டின் குறைந்தபட்ச உயரமே 28 செ.மீ. பக்கம். வண்டியைத் தூக்கும்போது முதல் சில சென்டிமீட்டர் சஸ்பென்ஷன் நீள்வதிலேயே போய்விடும், டயர் தரையை விட்டு எழும்பாது. கடைசியில் ஸ்டாண்டை நுழைக்க ஒரு விரல்கடை போதாமல் நிற்பீர்கள். அங்கேதான் ஜாக்குக்கு அடியில் பலகை, பலகைக்கு அடியில் செங்கல் என்று ஆபத்தான வித்தைகள் ஆரம்பமாகின்றன. 45 செ.மீ.க்கு மேல் ஏறுகிற ஜாக்காக வாங்கிவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

வாங்கும்போது கைப்பிடியை மட்டும் ஆட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். வால்வை மூடி, தலைப்பகுதியை முழுக்க மேலே ஏற்றி, பிஸ்டன் கம்பியில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று பாருங்கள். வால்வைக் கால் சுற்று திறந்தால் மெதுவாக இறங்க வேண்டும். சட்டென்று திறந்து பொத்தென்று விழுகிற வால்வு உள்ள ஜாக் வேண்டாம். வண்டியை ஸ்டாண்டின் மேல் இறக்குகிற அந்த நொடியில்தான் அது காலை வாரும். சேடில் என்கிற தட்டு சுழல வேண்டும், ரப்பர் பேட் உட்காரும் அளவுக்குக் குழிந்திருக்க வேண்டும். நாலு சக்கரமும் இரும்பாக இருந்தால் நல்லது.

அந்தச் சக்கரங்கள் ஏன் முக்கியம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ட்ராலி ஜாக்கின் கை நேராக மேலே போவதில்லை, வில் போல வளைந்து போகிறது. அதனால் தூக்கத் தூக்க ஜாக்கே வண்டிக்கு அடியில் நகர்ந்து கொடுக்க வேண்டும். மண்தரையில் சக்கரம் புதைந்தாலோ, பேவர் பிளாக் இடுக்கில் சிக்கினாலோ ஜாக் நகராது. அப்போது ஒன்று சேடில் வழுக்கும், அல்லது வண்டி இழுபடும். ஜாக்கிலிருந்து கார் நழுவுவதற்கு முக்கியமான காரணம் இது. சமமான கான்கிரீட் தரைதான் சரி. போர்ட்டிகோவில் வழவழ டைல்ஸ் போட்டிருந்தால் இரண்டு தொல்லை: ஜாக் எளிதில் வழுக்கும், ஸ்டாண்டின் கால் ஊன்றும் இடத்தில் டைல் வெடிக்கும். 18 மி.மீ. பிளைவுட்டில் அகலமான துண்டுகள் வெட்டி ஸ்டாண்டுகளுக்கு அடியில் போடுங்கள். வெயில் காலத் தார் தரைக்கும் இதே பிளைவுட்தான். மதிய வெயிலில் இளகிய தாரில் ஸ்டாண்டின் கால் மெல்ல இறங்கும். வேலை மும்முரத்தில் அது கண்ணில் படாது.

ஜாக் ஸ்டாண்ட்: முதல் செலவு இதற்குத்தான்

ஹைட்ராலிக் ஜாக்கைத் தாங்குவது ஒரு ரப்பர் சீல். அது தேயலாம், கிழியலாம், வால்வில் ஒரு மணல் துகள் மாட்டிக்கொண்டாலே கசியலாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஜாக்காக இருந்தாலும் அது தூக்க மட்டும்தான். வண்டியைத் தாங்க இரும்பின் மேல் இரும்பு உட்கார வேண்டும். அதனால் பட்ஜெட் 5,000 ரூபாய் என்றால் முதலில் நல்ல ஸ்டாண்ட் ஜோடியை எடுத்துவிடுங்கள், ஜாக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டாண்டில் இரண்டு ரகம். ராட்செட் பல்லில் கொக்கி விழுந்து நிற்பது ஒன்று. குழாயில் துளையிட்டுக் குறுக்கே முள் செருகுவது இன்னொன்று. ராட்செட் வசதியானது, சென்டிமீட்டர் கணக்கில் உயரம் வைக்கலாம். ஆனால் பல் சரியாக விழுந்ததா என்பது உள்ளே மறைந்திருக்கும். முள் ரகத்தில் ஒளிவு மறைவு இல்லை. முள் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உட்கார்ந்துவிட்டது என்று கண்ணால் பார்த்துவிடலாம். வீட்டு வேலைக்கு எங்கள் ஓட்டு முள் ரகத்துக்கே. ராட்செட்தான் கிடைக்கிறது என்றால், அதோடு கூடுதலாக ஒரு பாதுகாப்பு முள்ளும் செருகுகிற மாடலைத் தேடுங்கள்.

ராட்செட்டில் என்ன தவறு நடக்கலாம் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் உண்டு. 2020-இல் அமெரிக்காவின் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம், பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. தயாரிப்பு அச்சு தேய்ந்துபோனதால் ராட்செட் பற்கள் போதுமான ஆழத்துக்குக் கொக்கியில் விழாமல், பாரம் அசையும்போது நழுவ வாய்ப்பிருந்தது. மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் ஒரு பகுதியையும் வெல்டிங் குறைபாட்டால் அதே ஆண்டு திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தப் பொருள் உங்கள் ஊர்க் கடையில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எந்த ஸ்டாண்டை வாங்கினாலும் பார்க்க வேண்டிய இரண்டு இடங்களை அந்தச் சம்பவம் காட்டிவிட்டது: பல் ஆழம், வெல்டிங்.

கடையில் நின்று இதைச் சோதிப்பது எளிது. நடுத்தண்டை ஒவ்வொரு பல்லாக உயர்த்தி, லிவரை அழுத்தி, தண்டின் தலையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுங்கள். எந்தப் பல்லிலும் நழுவக் கூடாது. லிவரை விட்டதும் அது தானாகவே முழுக்கக் கீழே படிய வேண்டும்; பாதியில் தொங்கினால் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு ஸ்டாண்டைக் கவிழ்த்து, நாலு காலும் கழுத்தோடு சேரும் வெல்டிங்கைப் பாருங்கள். தொடர்ச்சியான ஒரே கோடாக இருக்க வேண்டும். புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தாலும், குமிழ் துளைகள் தெரிந்தாலும், பெயின்ட் தடிமனாகப் பூசி மறைத்திருந்தாலும் வேண்டாம். சமதரையில் வைத்து மூலைக்கு மூலை அழுத்தினால் ஆடக் கூடாது.

லேபிளில் எழுதியிருக்கிற டன் கணக்கையும் படித்துப் பாருங்கள். பல தயாரிப்புகளில் 3 டன் என்பது ஜோடிக்கான கணக்கு. அதாவது ஒரு ஸ்டாண்டுக்கு ஒன்றரை டன். ஸ்விஃப்ட்டின் முன்பக்கம் ஒரு ஸ்டாண்டில் விழுவது 270, 280 கிலோ அளவுதான் என்பதால் 2 டன் ஜோடியே எடை தாங்கிவிடும். 3 டன் ஜோடியைச் சிபாரிசு செய்வது அதன் அகலமான அடிப்பாகத்துக்காக. உள்ளே படுத்து 17 நம்பர் போல்ட்டை இரண்டு கையாலும் இழுக்கும்போது வண்டி பக்கவாட்டில் அசையும். அந்த அசைவைத் தாங்குவது அகலம்தான். இன்னோவா அளவு வண்டி வைத்திருப்பவர்கள் 3 டன்னுக்குக் கீழே போகவே வேண்டாம். அதே நேரம் 6 டன் ஸ்டாண்டைச் சின்னக் காருக்கு வாங்கிவிடாதீர்கள். அதன் ஆரம்ப உயரமே 38 செ.மீ.யை ஒட்டி இருக்கும். அவ்வளவு தூக்கினால் கார் அளவுக்கு மீறிச் சாயும்.

வைக்கும் முறையில் வருகிற பொதுவான சிக்கல் ஒன்று: கதவுக்குக் கீழே ஓடுகிற மடிப்புத் தகட்டில், இரண்டு வெட்டுக் குறிகளுக்கு நடுவே இருப்பதுதான் கம்பெனி காட்டுகிற இடம். அங்கேயே ஜாக்கை வைத்துத் தூக்கினால் ஸ்டாண்டை எங்கே வைப்பது? அதனால் முன்பக்கத்தை நடுவிலுள்ள கிராஸ் மெம்பரில் (குறுக்கே ஓடுகிற கனமான சட்டம்) தூக்கி, இரண்டு ஸ்டாண்டுகளையும் அந்தக் குறிகளில் வையுங்கள். கிராஸ் மெம்பர் எது என்று உங்கள் காரின் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இன்ஜினின் ஆயில் சம்ப் (ஆயில் தேங்குகிற அடித்தொட்டி), கியர்பாக்ஸ் உறை, ரேடியேட்டரின் அடிச்சட்டம் ஆகிய மூன்றிலும் ஜாக்கின் தலை படவே கூடாது. அலுமினிய சம்ப் விரிசல் விட்டால் ஆயில் மாற்ற வந்த வேலை இன்ஜினைப் பிரிக்கிற வேலையாகிவிடும். மடிப்புத் தகட்டுக்கு நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் பேட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தகடு மடங்காமலும் ஸ்டாண்டில் வழுக்காமலும் பார்த்துக்கொள்கிறது. இந்தப் பட்டியலிலேயே விலைக்கு மிஞ்சிய பயன் தருவது அதுதான்.

இறக்கி உட்கார வைத்த பிறகு, உள்ளே போகும் முன் ஃபெண்டரைப் பிடித்து நன்றாக ஆட்டுங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். பிறகு ஜாக்கைச் சற்றே உயர்த்தி, பாரம் ஏறாமல் தொட்டபடி விட்டுவிடுங்கள். ஸ்டெப்னியையும் கழற்றிய சக்கரத்தையும் ஓரச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போடுங்கள். எல்லாம் தவறினாலும் டயர் உயரத்துக்கு ஓர் இடைவெளி மிஞ்சும்.

ஹாலோ பிளாக், செங்கல், கருங்கல் எதுவுமே ஸ்டாண்டுக்கு மாற்று இல்லை. இரும்பு வளைந்து எச்சரிக்கும். பிளாக் அப்படி இல்லை. ஒரு புள்ளியில் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரே நொடியில் தூளாகும்.

முட்டுக்கட்டை, ராம்ப்

முன்சக்கர இழுவை வண்டியில் கியரில் போட்டு நிறுத்தினால் பிடிப்பது முன்சக்கரங்களை. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. முன்பக்கத்தைத் தூக்கியதும் கியரின் பிடி போய்விடும், ஹேண்ட்பிரேக் கேபிள் ஒன்றே மிச்சம். பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட்பிரேக் போய்விடும். அதனால் தரையில் இருக்கிற இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னுமாகக் கட்டை கொடுத்தே ஆக வேண்டும். ஆன்லைனில் மலிவாக வருகிற மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகள் டைல்ஸிலும் வழவழ சிமென்ட்டிலும் டயரோடு சேர்ந்தே வழுக்குகின்றன. கனமான ரப்பர் கட்டை வாங்குங்கள். தச்சரிடம் நாலு அங்குலச் சட்டத்தை ஆப்பு வடிவில் வெட்டி, அடியில் பழைய டயர் ரப்பரை ஆணி அடித்தாலும் அதே பலன்.

ஆயில் மட்டும் மாற்றுகிறவர்களுக்கு ராம்ப், அதாவது சக்கரத்தை ஓட்டி ஏற்றி நிறுத்துகிற சரிவுமேடை, நல்ல தேர்வு. சக்கரம் கழற்ற முடியாது என்பதுதான் குறை. டைல்ஸில் ராம்ப்பே முன்னால் தள்ளிக்கொண்டு போகும், அடியில் ரப்பர் பாய் போடுங்கள். ஏற்றும்போது வெளியே ஒருவர் நின்று கை காட்டட்டும், ஆனால் ராம்ப்புக்கு நேர் முன்னால் நிற்கக் கூடாது.

கையுறை, கண்ணாடி, உடுப்பு

ஹார்டுவேர் கடையில் கட்டுக் கட்டாகத் தொங்குகிற வெள்ளைப் பின்னல் கையுறையை இன்ஜின் வேலைக்கு வாங்காதீர்கள். சூடான ஆயில் அதில் ஊறி, தோலோடு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும்; உதறினாலும் போகாது. நூல் பிரிந்து பெல்ட்டில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

நைட்ரைல் கையுறைதான் சரியான பொருள். ஆஸ்பத்திரியில் பயன்படுத்துகிற மெல்லிய ரகம் 0.1 மி.மீ. கனம்தான், ஹோஸ் கிளிப்பின் முனை பட்டதும் கிழியும். 0.15 முதல் 0.2 மி.மீ. வரை கனமுள்ள, விரல் நுனியில் சொரசொரப்பான ரகத்தைக் கேளுங்கள். லேட்டக்ஸ் ஆயில் பட்டால் ஊதிப்போய்த் தளர்ந்துவிடும், வேண்டாம். நைட்ரைல் ஆயிலுக்கும் டீசலுக்கும் நன்றாகத் தாங்கும். பிரேக் கிளீனர், தின்னர் பட்டால் உடனே கழற்றி வேறு போடுங்கள். இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓடித் தீர்ந்த இன்ஜின் ஆயிலில் பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்திருக்கும். திரும்பத் திரும்ப, நீண்ட காலம் தோலில் பட்டால் தோல் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியவை அவை. ஆயில் ஊறிய பனியன் வேஸ்ட்டைப் பேன்ட் பையில் செருகிக்கொள்கிற பழக்கத்தையும் இதே காரணத்துக்காக விட்டுவிட வேண்டும்.

சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் வேலை என்றால் தோல் கையுறை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பெல்ட், புல்லி, ஃபேன் அருகே போனால் எந்தக் கையுறையும் வேண்டாம். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிட வேண்டும். துண்டு, துப்பட்டா, லூசான சட்டைக் கைக்கும் இதே விதி. ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. இன்ஜினை நிறுத்திய பிறகும் சூடு ஏறினால் பல வண்டிகளில் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். ஃபேன் பக்கம் கை போவதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவதோ, ஃபேன் கனெக்டரைப் பிடுங்குவதோ ஐந்து நிமிட வேலை. பட்டன் ஸ்டார்ட் வண்டியானால் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள், பாக்கெட்டில் வேண்டாம்.

கண்ணுக்கு ஐ.எஸ். 5983 அல்லது ஈ.என். 166 முத்திரை உள்ள பக்கமறைப்புக் கண்ணாடி. கண் மருத்துவர் கொடுத்த கண்ணாடி இதற்கு ஈடாகாது, பக்கவாட்டில் திறந்திருக்கும். மல்லாந்து படுத்திருக்கும்போது உதிர்கிற துருவும் மண்ணும் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். காலுக்கு ஷூ. ஹவாய் செருப்போடு ஜாக் பக்கம் வர வேண்டாம்.

தீயணைப்பான்

காருக்கென்று விற்கிற அரை கிலோ ஸ்ப்ரே டப்பாக்களில் நம்பிக்கை வைக்க முடியவில்லை. இன்ஜின் அறையில் பெட்ரோல் பிடித்துக்கொண்டால் அந்த அளவு போதாது. ஐ.எஸ். 15683 முத்திரையுள்ள 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர்தான் குறைந்தபட்சம். பெட்ரோல், ஆயில் தீயிலும் வயர் தீயிலும் வேலை செய்யும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் சுத்தமானது, பொடி கொட்டாது; ஆனால் திறந்த வெளியில் காற்று அடித்தால் வாயு கலைந்துபோகும், சூடான உலோகத்தில் தீ மறுபடி பிடிக்கும். விலையும் அதிகம். போர்ட்டிகோவுக்குப் பவுடரே சரி. பவுடரின் குறை, ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தையும் வயர் இணைப்புகளையும் அரிக்கும். தீ அணைந்த பிறகு அதைச் சுத்தம் செய்யத் தாமதிக்கக் கூடாது.

வாங்கும்போது அழுத்தம் காட்டுகிற முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா, சீல் பின் அறுபடாமல் இருக்கிறதா, தயாரிப்பு மாதம் பழசாகிவிட்டதா என்று பாருங்கள். மாதம் ஒரு முறை தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கி வையுங்கள். பொடி அடியில் கெட்டிப்பட்டு உட்கார்ந்துவிட்டால் முள் பச்சையைக் காட்டினாலும் வாயு மட்டும்தான் வெளியே வரும். 2 கிலோ சிலிண்டர் சுமார் பத்து நொடியில் தீர்ந்துவிடும், ஆகவே வேடிக்கை பார்க்க நேரமில்லை. பானெட்டுக்கு அடியில் புகை வந்தால் முழுக்கத் திறக்காதீர்கள். திறந்ததும் காற்றுப் புகுந்து தீ முகத்துக்கு எழும்பும். லாட்சை மட்டும் விடுவித்து, கிடைக்கிற இடுக்கு வழியாகத் தீயின் அடிவாரத்தை நோக்கி அடியுங்கள். சிலிண்டரை வண்டிக்கும் கேட்டுக்கும் நடுவில், தப்பிக்கிற வழியில் வையுங்கள். வண்டிக்குப் பின்னால் சுவரோரம் வைத்தால் அதை எடுக்கத் தீயைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும்.

விளக்கு விஷயமும் தீயோடு சேர்ந்ததுதான். பழைய லீட் லைட்டில் குண்டு பல்பு போட்டு 230 வோல்ட்டில் உள்ளே இழுத்துக்கொண்டு போகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. சூடான கண்ணாடியில் ஒரு சொட்டு கூலன்ட் பட்டாலே பல்பு வெடிக்கும். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் அந்தப் பொறி போதும். அடியில் காந்தம் உள்ள சார்ஜ் எல்.இ.டி. விளக்கு ஒன்று வாங்கிவிட்டு, அந்தப் பழைய லீட் லைட்டைப் பரணில் ஏற்றுங்கள்.

பேட்டரி, ஜம்பர் கேபிள்

நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். ஏனென்றால் காரின் உடல் முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவைக் கழற்றும்போது 10 நம்பர் ஸ்பேனரின் மறுமுனை ஃபெண்டரிலோ பிராக்கெட்டிலோ பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பேனர் வழியே பாயும். ஸ்பேனர் பழுக்கும், கையில் மோதிரம் இருந்து அதுவும் நடுவில் மாட்டினால் விரல் போகும். நெகட்டிவை முதலிலேயே கழற்றிவிட்டால் அந்தப் பாதையே இல்லை.

ஜம்பர் கேபிளில் ஏமாற்று அதிகம். வெளியே ரப்பர் விரல் மொத்தத்துக்கு இருக்கும், உள்ளே தாமிரம் பூசிய அலுமினியக் கம்பி நாலைந்து இழை. பெட்டியில் 500 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பாமல், கிளிப் சேரும் இடத்தில் ரப்பரை விலக்கிக் கம்பியின் கனத்தைப் பாருங்கள். 16 சதுர மி.மீ. தாமிரம் சின்னப் பெட்ரோல் காருக்குப் போதும், டீசலுக்கு 25. மாட்டுகிற வரிசை: செத்த பேட்டரியின் பாசிட்டிவ், நல்ல பேட்டரியின் பாசிட்டிவ், நல்ல பேட்டரியின் நெகட்டிவ், கடைசிக் கிளிப் செத்த வண்டியின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரி வெளிவிடுகிற ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் அது நடக்கக் கூடாது.

சாமான் வாங்கித் தீராத ஆபத்துகள்

ரேடியேட்டர் மூடி சுமார் ஒரு பார் அழுத்தத்தை அடைத்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது மொத்தமும் கொதித்து மேலே பீறிடும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள்; கல் போல இருந்தால் கிட்டே போகாதீர்கள். முழுக்க ஆறிய பிறகு, கனத்த துணி போட்டு, முதல் கட்டம் வரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கியதும் முழுக்கத் திறக்கலாம். சிந்திய கூலன்ட்டை உடனே கழுவிவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், தெரு நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து சாகும். குழந்தைகளுக்கும் விஷம்.

காமன் ரெயில் டீசல் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற இன்ஜின்) வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் குழாய்களில் டீசல் 1,600 பார் வரையிலும் அதற்கு மேலும் அழுத்தத்தில் ஓடுகிறது. ஊசித் துளை அளவு கசிவு இருந்தாலும் கையை வைத்துத் தடவிப் பார்க்கக் கூடாது. தாரை கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவு. உள்ளே திசு அழுகத் தொடங்கியிருக்கும். மணிக்கணக்கில் தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்க நேரிடும். அட்டைத் துண்டை நீட்டிக் கசிவைத் தேடுங்கள். தோலில் பட்டுவிட்டால் மருந்துக் கடைக்கு இல்லை, அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஷட்டர் போட்ட கராஜில் இன்ஜினை ஓட விடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஷட்டர் திறந்திருப்பது போதாது, வண்டி முழுக்க வெளியே இருக்க வேண்டும்.

சி.என்.ஜி. சிலிண்டரில் 200 பார். கை வால்வை மூடிவிட்டு ஆயில் வேலை செய்யலாம், எரிவாயுக் குழாயில் ஸ்பேனர் போடக் கூடாது. ஹைபிரிட் வண்டியில் ஆரஞ்சு நிற வயரைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். மேலே சொன்ன நைட்ரைல் கையுறை அந்த மின்னழுத்தத்துக்குத் துளியும் காப்பு இல்லை. 1,000 வோல்ட் தரச்சான்று பெற்ற காப்புக் கையுறையும், உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் முறை தெரிந்த பயிற்சியும் உள்ளவர்களின் வேலை அது.

எங்கே வாங்குவது, எந்த வரிசையில்

சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடு. நேரில் கவிழ்த்துப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம் என்பதே ஸ்டாண்ட் வாங்குவதில் பாதி வேலை. புதுப்பேட்டையில் பழைய உதிரி பாகம் தாராளமாக வாங்கலாம், ஆனால் பழைய ஜாக்கையும் ஸ்டாண்டையும் வாங்காதீர்கள். அது எத்தனை முறை அளவுக்கு மீறிப் பாரம் தாங்கியது என்பது வெளியே தெரியாது. ஆன்லைனில் வாங்குவதானால், ஜோடிக்கான எடையா ஒன்றுக்கான எடையா என்று எழுதாத பொருளையும், குறைந்தபட்ச உயரம் குறிப்பிடாத பொருளையும் தாண்டிப் போய்விடுங்கள். கண்ணாடி, மெல்லிய கையுறை, முக்கோணப் பலகை எல்லாம் சேர்த்து ஒரு பையில் வருகிற சேஃப்டி கிட் எதையும் சிபாரிசு செய்ய முடியவில்லை. ஒவ்வொன்றும் மட்டமான ரகம், ஸ்டாண்ட் மட்டும் இருக்காது.

ஸ்டாண்ட் ஜோடி 2,000 முதல் 3,500 ரூபாய்க்குள் முடியும். ரப்பர் கட்டை, ரப்பர் பேட், கண்ணாடி, நூறு நைட்ரைல் கையுறை சேர்த்து இன்னொரு 2,000 ரூபாய் அளவில். தீயணைப்பானுக்கு 1,000-க்கு மேல் வையுங்கள். கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் விலை ஏறி இறங்கும். இவை கையில் வந்த பிறகு 3 டன் ஜாக். அதுவரை வண்டியை ராம்ப்பில் ஏற்றியோ, நண்பர் ஜாக்கை இரவல் வாங்கியோ சமாளிக்கலாம். ஸ்டாண்டையும் அதே நண்பரிடம் இரவல் வாங்கினால், மேலே சொன்ன பல் சோதனையையும் வெல்டிங் சோதனையையும் அவர் முன்னாலேயே செய்துவிடுங்கள், அவருக்கும் பயன்படும்.

வடித்த ஆயிலை மூடியுள்ள பழைய ஆயில் கேனிலேயே ஊற்றி, பழைய ஆயில் எடுக்கிற சர்வீஸ் சென்டரிடம் கொடுங்கள். அபாயகரமான கழிவு என்று 2016-ஆம் ஆண்டு விதிகளில் பட்டியலிடப்பட்ட பொருள் அது. சாக்கடையில் ஊற்றுவதோ, கரையானுக்கு என்று மரத்தில் தடவுவதோ வேண்டாம்.